எலுமிச்சம்பழத்தை வீட்டுல வச்சுட்டுப் போ

வாலே மருமவனே. செருப்பை அங்கன கழத்திப் போட்டுட்டு தார்சாவுல ஏறு. சாரல் உள்ள அடிக்கி, செவத்தை ஒட்டி உக்காரு. என்ன, வந்ததும் வராததுமா செல்லை நீட்டுதே? காரா? கொண்டா, கண்ணாடியைப் போட்டுக்கிடுதேன்.

ம்ம். மினுக்கமாத்தான் இருக்கு. எந்த வருஷத்து வண்டி? தெரியாது. எத்தனை கை மாறியிருக்கு? அதுவும் தெரியாது. பெட்ரோலா, டீசலா? "கேக்கணும் மாமா"ங்கே. கலரு என்னலே? ஆங், அதுக்கு மட்டும் நான் கேட்டு முடிக்கும் முன்னால பதில் வருது! முத்து வெள்ளையாம். அரிசி வாங்கப் போனவன் சாக்குல போட்டிருந்த மயில் படத்தைப் பாத்துட்டு வந்த கதையால்லா இருக்கு.

ஏன் கொல்லைப்பக்கம் திரும்பிச் சிரிக்கே? தென்னை மூட்டுல கோழி அடையுதே, அந்த வண்டியைப் பாத்துத்தானே? சிரி. நல்லாச் சிரி. அந்தக் கதைக்குப் பைய வாறேன். தென்காசி ஸ்டேஷன் வாசல்ல இருந்து குத்தாலத்துக்கு முப்பது சீசன் அம்பாசிடர் ஓட்டுன கை இது. அந்த அம்பாசிடரைச் செய்யுறதையே 2014-ல நிறுத்திட்டாங்க, என்னைய இன்னும் நிறுத்தலே. அதனால சொல்லுததைக் கேளு.

கையில எவ்வளவு வச்சிருக்கே? ரெண்டரை லட்சம். அதுல உங்க அம்மையோட சீட்டுப் பணம் ஒரு லட்சம். சரி, அப்போ நீ பாக்க வேண்டிய வண்டியோட விலை ரெண்டு லட்சம். முழிக்காத. மீதி அம்பதாயிரத்தை உம் பொண்டாட்டி கையில குடுத்து, "நான் கால்ல விழுந்து கேட்டாலும் தராத"ன்னு சொல்லிரு. பழைய வண்டிக்கு ரெண்டு விலை உண்டு. விக்கிறவன் சொல்லுதது ஒண்ணு, மூணு மாசம் கழிச்சு மெக்கானிக் சொல்லுதது இன்னொண்ணு. டயரு, பேட்டரி, கிளட்ச் பிளேட்டு, இன்சூரன்ஸு, பேர் மாத்துத செலவு, இதுல ஏதாவது ரெண்டு உனக்காகக் காத்துக்கிட்டே கெடக்கும். இருக்க காசு அம்புட்டையும் வண்டியில போட்டுட்டேன்னா பொறவு பெட்ரோலுக்கு எங்கிட்டத்தான் வருவே. அன்னைக்குப் பாத்து எனக்குக் காது கேக்காது, இப்பமே சொல்லிட்டேன்.

இந்தப் படத்துல இருக்கது ஏழு சீட்டு டீசல் வண்டி. வீட்டுல எத்தனை பேரு? நீ, அவ, ரெண்டு புள்ளைய, என் தங்கச்சி. அஞ்சு. மிச்ச ரெண்டு சீட்டுல யாரை உக்கார வைக்கப் போறே, கடன்காரங்களையா? "சீசனுக்குச் சொந்தக்காரங்க வருவாங்க மாமா"ங்கே. வருவாங்க. ரெண்டு நாள் இருப்பாங்க. ஐந்தருவிக்கும் பழைய குத்தாலத்துக்கும் கூட்டிட்டுப் போவே. பிரானூர் பார்டர்ல கோழியும் புரோட்டாவும் உன் செலவு. கடைசியில ரயிலேறும்போது, "வண்டி கொஞ்சம் இழுக்குமோ?"ன்னு ஒரு சொல்லு சொல்லிட்டுப் போவாங்க. அந்த ரெண்டு நாளைக்கு ஒரு வேனைப் பிடிச்சுக்கோ.

மத்த முந்நூத்தி அறுவத்து மூணு நாளைக்கு உனக்கு என்ன சோலி? புள்ளைகளைத் தென்காசிக்குப் பள்ளிக்கூடத்துல விடணும். மாசத்துல ஒருக்கா அம்மையை மூட்டு வலிக்குப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போவணும். ஆடித் தவசுக்குச் சங்கரன்கோயில் மாமியா வீடு. இதுக்கு ஒரு சின்னப் பெட்ரோல் வண்டி போதும். தெனமும் நெடுந்தூரம் ஓடுறவனுக்குத்தான் டீசல் கட்டுபடியாகும். உன் ஓட்டத்துக்கு, நாலு வருஷமா டீசல்ல மிச்சம் பிடிச்ச காசை இன்ஜெக்டர் ஒரே நாள்ல வந்து வாங்கிட்டுப் போயிரும்.

எந்தக் கம்பெனின்னு கேக்கே. நான் கம்பெனியைப் பாக்கச் சொல்ல மாட்டேன், பட்டறையைப் பாக்கச் சொல்லுவேன். ஒரு நாள் சாயந்தரம் தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீயைக் குடிச்சுக்கிட்டு நின்னு, போற சின்னக் காரை எல்லாம் எண்ணு. எது நெறைய ஓடுதோ அதோட சாமான் பாவூர்சத்திரத்துலயும் கெடைக்கும், கடையநல்லூர்லயும் கெடைக்கும். பட்டறைப் பையன் தூக்கத்துலயே பிரிச்சு மாட்டிருவான். மாருதி 800 வந்தது 1983-ல, செய்யுறதை நிறுத்தினது 2014-ல. இன்னும் நம்ம பக்கம் டிக்கியில தேங்காயை ஏத்திக்கிட்டு ஓடுது. அதைச் சரிபண்ணத் தெரியாத மெக்கானிக் இந்த ஜில்லாவுல கெடையாது. அதுக்காக அதையே வாங்கச் சொல்லலே, அதுக்கும் என்னைய மாதிரி வயசாயிட்டு. அதோட தம்பி ஆல்ட்டோ இருக்கு. உசரமா நிக்கிற வேகன்ஆர் இருக்கு. உங்க அம்மை மூட்டுக்கு அதுதான் தோது, நாற்காலியில உக்காருத மாதிரி குனியாம ஏறலாம். இருங்காட்டுக்கோட்டையில இருந்து 1998-ல சான்ட்ரோ வந்துச்சு, பொறவு ஐ10 வந்துச்சு. இந்த வரிசையில தேடு.

"இதே காசுக்கு ஃபோர்டு வருது, செவர்லே வருது"ங்கே. வரும்லே. செவர்லே 2017-ஓட இங்க விக்கிறதை நிறுத்திட்டான். ஃபோர்டு 2021-ல இங்க செய்யுறதை நிறுத்துறோம்னு சொல்லிட்டான். வண்டி மோசம்னு நான் சொல்ல மாட்டேன், ரெண்டும் நல்ல இரும்பு. ஆனா ஒரு முன் விளக்கு உடைஞ்சா, அந்தச் சாமான் எங்கனயாவது கெடைச்சு வந்து சேருத வரைக்கும் நீ பஸ்ஸுலதான் போவே. சல்லிசா வருத வண்டிக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் தெரியாம பணத்தை வெளிய எடுக்காத.

இன்னொண்ணு. ஒரே விலைக்குப் பழைய பெரிய வண்டியும், கொஞ்சம் புதுசான சின்ன வண்டியும் வந்துச்சுன்னா சின்னதை எடு. 2019 ஜூலையில இருந்து வித்த கார்ல டிரைவர் பக்கத்து ஏர்பேக் கட்டாயம். உன் காசுக்கு அது கெடைக்கது கஷ்டம்தான். அதுக்கு முந்தி வந்ததுலயும் கூடக் காசு குடுத்து மேல்ரகம் வாங்கினவன் போட்டிருப்பான். இருக்கான்னு கேளு. பாட்டுப் பெட்டி எத்தனை இஞ்சுன்னு கேக்கதுக்கு முன்னால இதைக் கேளு.

இனிமே தரகனுக்கு வருவோம். அவன் வாயைத் திறந்ததும் முதல் சொல்லு, "டாக்டர் ஓட்டுன வண்டி". நம்ம பக்கம் விக்கிற பழைய வண்டி எல்லாம் டாக்டர் வண்டின்னா, இத்தனை டாக்டரை வச்சுக்கிட்டு என் தங்கச்சியை எதுக்குலே பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறே? அடுத்து, "டீச்சரம்மா வச்சிருந்தது, பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் போவும்"பான். டிக்கியைத் திறந்தா உர மூட்டை வாடை அடிக்கும். டீச்சரம்மா என்ன பாடம் எடுத்தாங்களோ! "வாங்குனா ஒரு ரூவா செலவில்ல"ம்பான். அது மெய்தான், ஒரு ரூவாயில முடியாது. "மஞ்சப் போர்டா இருந்து வெள்ளை ஆனதா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டு, ஆர்.சி-யையும் பாத்துரு. டாக்சியா ஓடுன வண்டியை நீ வாங்கப்படாது. ஏன்னா அதை ஓட்டுனது என்னைய மாதிரி ஆளு.

செல்லுல விளம்பரம் பாத்துட்டு, "பட்டாளத்துல இருக்கேன், மாத்தல் ஆயிட்டு, வண்டி ஏர்போர்ட்ல நிக்கி, அஞ்சாயிரம் முதல்ல போட்டு விடுங்க"ன்னு ஒருத்தன் பேசுவான். போனை வச்சிரு. கண்ணால பாக்காத மாட்டுக்கு எவனாவது கயிறு வாங்குவானா?

மாடுன்னதும் எங்க அப்பா ஞாபகம் வருது. அவரு மேலப்பாளையம் சந்தையில மாடு பிடிச்சவரு. துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க, பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது. ஆனா விரலைப் பிடிக்கதுக்கு முன்னால மாட்டுப் பல்லைப் பிடிப்பாரு. ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துட்டா. பல்லை அரத்தால ராவிக் கொண்டாந்து நிறுத்துதவனும் அப்பமே உண்டு. இப்பம் கிலோமீட்டர் மீட்டரை ராவுதான், அம்புட்டுத்தான் வித்தியாசம். மீட்டரு நாப்பதாயிரம்ங்கும். கீழ பிரேக்கு மிதியில ரப்பரு அம்மிக்கல்லு மாதிரி வழுவழுன்னு தேஞ்சு கெடக்கும். ரெண்டுல ஒண்ணு பொய். ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது. ரப்பரு மட்டும் புத்தம் புதுசா இருந்தா இன்னும் மோசம், யாரோ பல்லுக் கட்டியிருக்கான். கம்பெனி சர்வீஸ்ல விட்டிருந்தா பில்லு இருக்கும், ஒவ்வொரு பில்லுலயும் கிலோமீட்டர் எழுதியிருக்கும். வரிசையா வச்சுப் பாரு. ஒரு வருஷம் எண்ணு கீழ இறங்குச்சுன்னா, வண்டி பின்னாலயே ஓடுச்சான்னு கேளு.

டயரு ஓரத்துல முட்டை வடிவத்துல ஒரு கட்டம் இருக்கும், அதுல நாலு எண்ணு. 2319-ன்னா 2019-ஆம் வருஷத்து 23-ஆம் வாரம் செஞ்சது. நாலும் வண்டிக்குப் பிந்திச் செஞ்சதா இருந்தா யோசி. வண்டி அம்புட்டு ஓடலே, இருபதாயிரம்தான்னு சொல்லுதவன் எதுக்கு நாலு டயரையும் அதுக்குள்ள மாத்தினான்? கண்ணாடி மூலையிலயும் வருஷக் குறி உண்டு. அஞ்சு கண்ணாடி ஒரு வருஷம், ஒண்ணு மட்டும் வேற வருஷம்னா அந்தப் பக்கம் என்னமோ நடந்திருக்கு.

குத்தாலத்துல எண்ணெய் தேச்சு விடுவாங்களே, பாத்திருக்கியா? அறுவது வயசு ஆளு எண்ணெயைத் தேச்சுப் பேரருவியில நனைஞ்சு வெளிய வரும்போது நாப்பதா நிப்பான். பாலிஷ் போட்ட வண்டியும் அப்படித்தான். நனைஞ்ச வண்டியும் குளிச்ச ஆளும் அழகாத்தான் இருப்பாங்க, பெயின்ட் வித்தியாசம் ஈரத்துல தெரியாது. காலை வெயில்ல, காஞ்ச வண்டியைச் சாய்வா நின்னு பாரு. டிங்கரிங் பண்ணிப் பட்டி கனமாப் பூசின இடத்துல சின்னக் காந்தம் ஒட்டாது. பம்பர்ல வச்சுப் பாத்துட்டு, ஐயோ ஒட்டலேன்னு அழுதுராத, அது பிளாஸ்டிக்கு. போனட்டைத் திறந்து போல்ட்டைப் பாரு. பெயின்ட் உரிஞ்சு ஸ்பானர் தழும்பு இருந்தா, அதைக் கழத்தி மாட்டியிருக்கான்னு அர்த்தம்.

பொறவு ஒருக்கா சாரல்லயும் பாரு. சீசன்ல வண்டி பாக்கது நம்ம ஊருக்காரனுக்குக் கெடைச்ச கொடுப்பினை. கதவுக்குள்ள தண்ணி இறங்குதா, கால் மிதி ஈரமாகுதா, வைப்பர் துடைக்கா இல்ல தடவிக் குடுக்கா, கண்ணாடியில படியிற புகைமூட்டத்தை ஏ.சி. கலைக்கா, எல்லாம் வெட்டவெளிச்சமாயிரும்.

முக்கியமான ஒண்ணு, விடியக்காலத்துல சொல்லாமப் போ. நீ வரும் முன்னால ஓட்டிச் சூடாக்கி வச்சிருந்தான்னா, எஞ்சின் எதையோ மறைக்கி. போனட்டைத் தொட்டுப் பாரு, பச்சைத் தண்ணி மாதிரி குளுந்து இருக்கணும். அந்தக் குளிர்ல சாவியைப் போடச் சொல்லிப் பின்னால போய் நில்லு. நீலப் புகை வந்தா ஆயிலைக் குடிக்கி. வெள்ளைப் புகை நிக்காம வந்துக்கிட்டே இருந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள போகுது. ஆயில் மூடியைத் திறந்து பாரு. பால்கோவா மாதிரி ஒட்டியிருந்தா, ருசி பாக்காம ஊருக்கு வந்துரு.

எண்ணெய் தேச்ச ஆளோட வயசு தெரியணும்னா அந்தக் காலத்துல செண்பகாதேவிக்கு ஏறச் சொல்லுவோம், மூச்சு சொல்லிரும். வண்டிக்குப் புளியரை எஸ் வளைவு. வீட்டு ஆளு அம்புட்டையும் ஏத்திக்கிட்டு, ஏ.சி-யைப் போட்டு ஏறு. பாதி ஏத்தத்துல நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டு, மறுபடி எடு. பின்னால உருளுதா? கிளட்ச் தீயிற வாடை வருதா? சூட்டு முள்ளு மேல போகுதா? ஸ்டியரிங்கை லேசா விட்டா ஒரு பக்கம் இழுக்கா? கொல்லத்துக்குப் போற லாரிக்காரன் பின்னால நின்னு ஆரன் அடிப்பான், அடிக்கட்டும். அவனா தவணை கட்டப் போறான்?

அந்த மலைக்கு அங்கிட்டு இருந்து கேரளா வண்டி சல்லிசா வரும். கடன்பாடு இல்லாத நல்ல வண்டியும் உண்டு. ஆனா அங்கத்த ஆர்.டி.ஓ குடுக்க தடையில்லாச் சான்று வேணும், படிவம் 28. தமிழ்நாட்டு வரியும் கட்டணும். அதைக் கூட்டிப் பாத்தா, சல்லிசுல பாதி ஆரியங்காவுலயே இறங்கிக்கிடும். வெள்ளத்துல முங்குன வண்டியா இருக்கும்னு ஒரு பயமும் வேணும். 2018 ஆகஸ்டுல கேரளா முங்குச்சு. அதுக்காக மலையாளத்தானை மட்டும் சந்தேகப்படாத. 2023 டிசம்பர்ல முதல் வாரம் மெட்ராஸ் முங்குச்சு, மூணாவது வாரம் நம்ம திருநெல்வேலியும் தூத்துக்குடியும் முங்குச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அன்னைக்குத் தண்ணிக்குள்ள நின்ன கார் எல்லாம் எங்க போச்சு? துடைச்சு, காய வச்சு, சென்ட் அடிச்சு ஒருத்தனுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழு, அடியில சேத்துக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில தண்டவாளம் துருப்பிடிச்சிருக்கும். ஸ்டெப்னி குழியில வண்டல் நிக்கும். உள்ள சென்ட் வாடை தூக்கலா இருந்துச்சுன்னா, எதுக்கு அத்தரு பூசியிருக்கான்னு யோசி.

காகிதம் பேசுவோம். கொட்டாவி விடாத, காசு போறது இங்கனதான். ஆர்.சி-யில இருக்க சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில இருக்கதும் ஒண்ணான்னு பாரு. பேங்குக் கடன் எழுதியிருந்தா, கடன் தீந்ததுக்குக் கடிதமும் படிவம் 35-ம் வேணும். பேர் மாத்த 29, 30. வாங்கின முப்பது நாளைக்குள்ள ஆர்.டி.ஓ-வுல குடுத்திரு. இன்சூரன்ஸை உன் பேருக்கு மாத்த பதினாலு நாள்தான். பழைய ஆளோட நோ கிளைம் போனஸ் அவன்கூடயே போயிரும், வண்டிகூட வராது. போலீஸ் அபராதம் பாக்கி இருக்கான்னு செல்லுலயே தெரியும். கலரைத் தேடுத செல்லுதானே, அதையும் தேடு. பதினஞ்சு வருஷம் ஆன வண்டின்னா தகுதிச் சோதனை பண்ணி ஆர்.சி-யைப் புதுப்பிக்கணும். 600 ரூவாயா இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கிட்டாங்க. பதினாலு வருஷ வண்டி ஏன் திடீர்னு சந்தைக்கு வந்து நிக்கின்னு இப்பம் புரியுதா? "பேரு பொறவு மாத்திக்கிடலாம்"னு சொல்லுதவனை நம்பாத. நீ பழைய வண்டியை விக்கும்போதும் இதே புத்தி வேணும். ஆர்.சி-யில யார் பேரு இருக்கோ அவன்தான் விபத்துக்குப் பொறுப்புன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.

இம்புட்டும் தெரிஞ்ச மாமா வீட்டுல எதுக்கு அந்தக் கோழிக்கூடுன்னுதானே கேக்கே? கேளு.

இருவது வருஷம் இருக்கும். டாக்சியை விட்டுட்டு வீட்டுக்குன்னு ஒரு கார் வாங்கணும்னு ஆசை. எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், குத்தம் கம்பெனி மேல இல்ல. வாங்கப் போறதுக்கு முந்தின நாளே தெரு முழுக்கச் சொல்லிட்டேன், நாளைக்குக் காரோட வாறேன்னு. உன் மாமி தேங்கா, பூவு, சூடம் எல்லாம் எடுத்து வச்சுட்டா. என் சட்டைப்பையில நாலு எலுமிச்சம்பழம், சக்கரத்துக்கு ஒண்ணா. புளியங்குடிப் பழம். உருண்டு திரண்டு துருத்திக்கிட்டு நிக்கி.

தரகன் என் மூஞ்சியைப் பாக்கலே மருமவனே, பையைத்தான் பாத்தான். விலை அங்கனயே முடிஞ்சு போச்சு.

சாவியைப் போட்டான். நீலமாப் புகை வந்துச்சு. பாத்தேன். "காலையில குளிருக்கு அப்படித்தான் இருக்கும்"னு அவன் சொல்லலே. நான் சொன்னேன்! அவன் "ஆமா அண்ணாச்சி"ன்னான். கதவு ஒரு பக்கம் ஏறி நின்னுச்சு. "மேடு பள்ளத்துல நிக்கி போல"ன்னு நானே சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். அன்னைக்கு அவன் ஒரு பொய் கூடச் சொல்லலே. அம்புட்டுப் பொய்யையும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், அவன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டான், அதுக்குத்தான் தரகு. வெறுங்கையோட தெருவுல எப்படித் திரும்பி வாறதுங்க வெக்கம்தான் அன்னைக்கு வண்டியை ஓட்டிட்டு வந்துச்சு. ஆலங்குளம் தாண்டும் முன்னால ரெண்டு தடவை நின்னுட்டு. இப்பம் கோழிக்கு நல்ல வசதி, மழை உள்ள இறங்காது. கலரும் சும்மா சொல்லப்படாது, பிஸ்தாப் பச்சை. ஆமாலே, நானும் கலரைத்தான் பாத்தேன்.

அதனால நாளைக்குப் போறதுன்னா மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போ. அவன் கூலியைக் கணக்குப் பாக்காத. பணத்தை வீட்டுல வை. "இன்னைக்கு வெறுங்கையோடதான் வருவேன்"னு சொல்லிட்டே வாசப்படி இறங்கு. நாலு வண்டியை வேண்டாம்னு சொன்னவனுக்குத்தான் அஞ்சாவது வண்டி கண்ணுக்குத் தெரியும்.

சரி, சாரல் விட்டுட்டு. கெளம்பு.

ஏலே, நில்லு. சட்டைப்பையில என்னலே உருண்டையா? தலையைச் சொறியாத. எடு வெளிய. ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு. அடப் பாவிப்பயலே. கொண்டா இங்கன.

ஏளா, உள்ள ரெண்டு நன்னாரி சர்பத்து போடு. மருமவன் பழம் கொண்டாந்திருக்கான்.